சோறு ஒரு வீட்டில், படுக்கை ஒரு வீட்டில்

ஆவூரில் பெரிய கோயிலுக்கு மேற்கே ஒரே தெருவில்தான் பங்கிராஸ் மாமாவின் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தார்கள். மூத்தவர் செபமாலை வாத்தியார் வீடு தெருவின் கிழக்கு முனையில், ஓட்டு வீடு. இளையவன் அடைக்கலத்தின் வீடு மேற்கு முனையில், கூரை வீடு. நடுவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் வீடு. மாமா ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழக்கே போகும்போது நடந்து போவார். மேற்கே திரும்பும்போது வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள். ஏன் அப்படி என்பதை எங்கள் தெரு வருஷக்கணக்காகப் போட்டுக் குழப்பிக்கொண்டது. இன்றைக்கும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் மாமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அப்போது அவர் இரும்பு மாதிரி இருந்தார். விடியற்காலையில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நிறுத்த மாட்டார். ஈஸ்டர் பாஸ்காவுக்குத் தேர் இழுக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் வேலை. அவ்வளவு பெரிய தேர் உருண்டு வரும்போது அதன் முன்னால் குனிந்து கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத்தான் நெஞ்சு அடிக்கும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே செய்வார். படுக்கை எல்லாம் கிணற்றடியில்தான். வீட்டுக்குள் படுத்து யாரும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அத்தை காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த வருஷம் மாமா நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் வழக்கம் தெரிந்ததுதான். நிலத்தைக் கொடுத்த தகப்பனுக்கு ஒரு மாதம் மூத்தவன் வீட்டில் சோறு, ஒரு மாதம் இளையவன் வீட்டில் சோறு. அதற்கு முறைச்சோறு என்று பெயர். எந்த வீட்டில் சோறோ அந்த வீட்டில்தான் படுக்கையும். சோறு போட்ட வீட்டில் படுக்காமல் வேறு வீட்டில் போய்ப் படுத்தால் சோறு போட்டவர்களுக்கு அவமானம், படுக்க இடம் கொடுத்தவர்களுக்கு அதைவிட அவமானம். மாதத்து முதல் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மாமா தன் செம்பையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டு வீடு மாறுவார். கயிற்றுக்கட்டில் அடைக்கலம் வீட்டிலேயே கிடக்கும். வாத்தியார் வீட்டில் அவருக்குப் பலகைக் கட்டிலும் மெத்தையும் உண்டு.

வாத்தியார் தகப்பனை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வீட்டிலேயே நல்ல அறையான உள்ளறையை மாமாவுக்குக் கொடுத்தார். கனத்த கதவு, திருடன் வராதபடி ஜன்னல் இல்லாத சுவர், அர்ச்சியசிஷ்டர் என்று நாங்கள் சொல்லும் புனிதர்கள் படங்கள். மூலையில் நெல் குதிர், அதன் பக்கத்தில் அடுக்கிய கடலை மூட்டைகள். அய்யாவுக்குத் தனி அறை என்று வாத்தியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அவருடைய மனைவி அமலராணி அதிர்ந்து பேசாதவள். மாமனாருக்கு இரண்டு வேளையும் நெல்லுச்சோறு, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் மீனோ முட்டையோ. அவர் துண்டைக் கூட அவரைத் துவைக்க விட மாட்டாள்.

அடைக்கலம் வீட்டில் எல்லாம் தலைகீழ். கம்பங்கூழும் கருவாடும். அவன் மனைவி சவேரியம்மாள் வாய் ஓயாதவள். கூழை ஊற்றும்போதே மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, வேலி அடைச்சாச்சா என்று மாமாவை விரட்டுவாள். வீட்டுக்குள் இடமில்லாததால் வேப்பமரத்தடியில் மாடுகளுக்குப் பக்கத்தில் கட்டில். மழை வந்தால் மாட்டுக் கொட்டகை.

ஆனால் சீக்கு வந்தது வாத்தியார் வீட்டில்தான். போன சில நாளில் தொண்டை கரகரக்கும். அப்புறம் இளைப்பு. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாமல் விசில் அடிக்கும். கால் வீங்கும். சோறு இறங்காது. மாதம் முடிவதற்குள் எலும்பும் தோலுமாக ஆகி, அடைக்கலம் வண்டி கட்டி வந்து ஏற்றிக்கொண்டு போவான். அங்கே வேப்பமரத்தடியில் போட்டால், பத்தியம் இல்லை, மருந்து இல்லை, சவேரியம்மாளின் வசவு மட்டும்தான், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அடுத்த முதல் வெள்ளிக்கு நடந்தே கிழக்கே போவார்.

ஒரு தடவை என்றால் காற்று கறுப்பு என்று விடலாம். முறை தவறாமல் நடந்தால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? மாமாவிடமே கேட்டார்கள். அமலம் தங்கமான பிள்ளை, எனக்கு ஒரு குறையும் வைக்கலை, ஏன் இப்படி வருதுன்னு தெரியலையே என்று அவரும் விழித்தார்.

வாத்தியார் அவரைப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே படுக்கிறீர்கள் என்று மாமாவைக் கேட்டாராம். மாமா வாயைத் திறப்பதற்குள் வாத்தியார், தனி அறை சார், நல்ல பந்தோபஸ்து, காற்று மழை ஒன்றும் அண்டாது என்று பதில் சொன்னாராம். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஊசி போட்டு, ஒரு பாட்டில் மருந்தும் கொடுத்தார். மருந்து தீரும்வரை கொஞ்சம் தேவலை. பிறகு பழையபடிதான்.

அடைக்கலத்துக்கு வேறு யோசனை. அண்ணனிடம் சொல்லாமல் தகப்பனைக் கூட்டிக்கொண்டு கீரமங்கலம் பக்கம் காத்தாயி என்கிற பெண்ணிடம் போனான். யாராவது சோற்றில் மருந்து வைத்திருந்தால் அதை எடுத்துப் போடுகிறவள் என்று அவளுக்குப் பெயர். கிறிஸ்தவர்களான எங்கள் மாதிரி வேதக்காரர்கள் போகக்கூடாத இடம். அவனுக்கும் தெரியும். போனான். அவள் ஏதோ தழைச் சாறு கொடுத்து மாமாவை வாந்தி எடுக்க வைத்தாள். வாந்தியில் மயிர் சுற்றிய உருண்டை ஒன்று கிடந்ததாம். சோறு போடுகிற கையால வந்தது, வெளியே இருந்து வந்த பொம்பள என்று மட்டும் சொன்னாளாம்.

அடைக்கலம் அதைப் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். சவேரியம்மாளிடம் சொன்னால் கோயில் மணி அடித்த மாதிரி. மறுநாள் கிணற்றடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அமலராணி மாமனாருக்கு மருந்து வைக்கிறாள் என்று. ஏன் வைக்க வேண்டும், நிலம்தான் பிரித்தாகிவிட்டதே என்று நான் கேட்டேன். கேட்டதற்காக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பங்குச்சாமியார் காதுக்கு விஷயம் போனது. அடைக்கலத்தைக் கூப்பிட்டுக் கண்டித்து, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வைத்தார். அதோடு வாத்தியார் வீட்டுக்கே வந்து வீட்டை மந்திரித்தார். நாங்கள் தெருக்காரர்கள் வாசலில் நின்று பிரார்த்தனைக்குப் பதில் சொன்னோம். சாமியார் உள்ளறைக்குள் போய்த் தீர்த்தம் தெளித்தார். உடனே தும்மினார். மறுபடியும் தும்மினார். கண்ணெல்லாம் நீராகி, அங்கே மாட்டியிருந்த படங்களுக்கு முன்னால் நிற்கவே முடியாமல் வெளியே வந்துவிட்டார். அந்த அறையில் ஏதோ இருக்கிறது, சாமியாரையே நிற்க விடவில்லை என்று பேச்சாகிவிட்டது. கெட்டதை விரட்டத்தான் சாமியாரைக் கூப்பிட்டார்கள். அமலராணியின் பெயருக்கு அது இன்னும் கெடுதலாக முடிந்தது.

அடுத்த முறை மாமா கிழக்கு வீட்டுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். முருங்கைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமாவுக்கு வட்டிலில் சோறு வைத்துக் குழம்பு ஊற்றினாள் அமலராணி. பிறகு எதிரிலேயே உட்கார்ந்து அதே வட்டிலில் கை வைத்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பெரியவர்கள் சாப்பிடுமுன் மருமகள் பச்சைத்தண்ணி குடிக்காத ஊர் எங்கள் ஊர். எச்சில் பண்ணின வட்டிலை மாமனார் முன்னால் வைப்பது என்றால் செருப்பால் அடித்த மாதிரி.

அவள் மென்று விழுங்கிவிட்டு, "இனிமே ஒரு வாய் நான் தின்னுட்டுத்தான் ஒங்களுக்குத் தருவேன் மாமா. கோவிச்சுக்கிறாதீங்க" என்றாள். குரல் அப்போதும் அதிரவில்லை.

மாமா சிலுவை அடையாளம் போட்டார். "கொண்டா இங்கிட்டு" என்று இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த மாதம் முழுக்க அப்படியே நடந்தது. அவள் தின்ற சோற்றையே அவரும் தின்றார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வழக்கம்போல இளைப்பு வந்துவிட்டது. இதைப் பார்த்தாவது ஊர் வாயை மூடியிருக்க வேண்டாமா? வைக்கிறவளுக்கு முறிக்கவும் தெரியும் என்றார்கள்.

விஷயம் முற்றிக்கொண்டே போனது. ஐம்பத்தைந்து ஐப்பசியில் கோயில் மதிலோரம் பெரிய மனிதர்கள் நாலுபேர் கூடிப் பேசினார்கள். மாமாவுக்கு இன்னொரு தடவை அந்த வீட்டில் சீக்கு வந்தால், கிறிஸ்மஸ் கழிந்ததும் அமலராணியை அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அவள் அண்ணன் வந்து, இவர்கள் அனுப்பும்வரை ஏன் இருக்க வேண்டும், இப்போதே கிளம்பு என்றான். அவள் போகவில்லை. வாத்தியார் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சத்தமாகப் பாடம் சொல்கிறவர். அன்றைக்குச் சாயங்காலம் அமலராணி எங்கள் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் மாதம் அவள் முறை. கிழவருக்கு மூச்சு நின்றுவிடக்கூடாது என்று வேண்டுவதா, தன் வாழ்க்கை போய்விடக்கூடாது என்று வேண்டுவதா, எதை முதலில் வேண்டுவது என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லையென்பது போலத் தலையை ஆட்டினாள்.

நவம்பர் கடைசியில், பெலவேந்திரர் திருநாளை ஒட்டித்தான் அந்தப் புயல் அடித்தது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது. அடைக்கலத்தின் கூரை பறந்து சுவர் கரைந்துவிட்டது. அவனும் சவேரியம்மாளும் குழந்தைகளும் மாடும் கன்றுமாக நனைந்துகொண்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தார்கள். மாமாவும்தான். அமலராணி கதவைத் திறந்து, "உள்ளே வாங்க, அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று மட்டும் சொன்னாளாம். சவேரியம்மாள் பின்னால் ஒருநாள் என்னிடம் இதைச் சொல்லும்போது, அன்னைக்கு அவ ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தா எனக்குச் சங்கடமே இருந்திருக்காது என்றாள்.

புயலில் உள்ளறையின் ஓடுகளும் பறந்துவிட்டன. கடலை மூட்டைகள் நனைந்து முளை விட்டு நாறின. அவற்றை இழுத்து வெளியே கொட்டினார்கள். ஓடு போன இடத்தில் ஓலையைப் போட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ளறையில் படுத்தார்கள். ஆண்கள் எல்லாம் முன்கூடமான பட்டாசாலையில். மாமாவுக்கு வாசற்படிக்கு நேரே இடம். மாடுகள் வாசலில் நின்றதால் அவற்றுக்கு வைக்கோல் போடுவதும் அவர் வேலையாகிவிட்டது. சாய்ந்த மரங்களை வெட்டுவதற்கு அடைக்கலத்தோடு அவரும் போனார். வீட்டில் எந்நேரமும் சத்தம். சமையல் ஒரே அடுப்பு. மாமாவுக்குச் சோறு போட்டது மட்டும் அமலராணிதான். முறை அவளுடையது அல்லவா? ஒரு கவளம் தின்றுவிட்டுத்தான் அப்போதும் கொடுத்தாள்.

டிசம்பர் முழுக்க மாமாவுக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை.

கிறிஸ்மஸ் பூசைக்கு அவர் நடந்து வந்து முன்வரிசையில் முழங்காலில் நின்றதை ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதே வீடு, அதே கை, அதே சோறு. பூசை முடிந்து வெளியே வந்ததும் பெரிய மனிதர்களில் ஒருவர், இப்ப என்னம்மா சொல்றே என்று சவேரியம்மாளையே கேட்டார். அவள்தானே ஆரம்பித்தவள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"நானும் ஒரு மாசமா அவ கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் சவேரியம்மாள். "உப்பு கொஞ்சம் கூடப் போடுறா. வேற ஒண்ணும் போடல."

சிரித்துவிட்டார்கள். அமலராணி மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து போய்விட்டாள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது.

ஆனால் மாமாவுக்கு ஏன் சீக்கு வந்தது, ஏன் வரவில்லை? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அறையில் இருந்த கெட்டதைப் புயல் அடித்துப் போய்விட்டது என்றார்கள். கிழவருக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போனதுதான் சீக்கு என்றார் சாமியார். கூழ் குடித்து வளர்ந்த உடம்புக்கு நெல்லுச்சோறு ஆகாது என்று சவேரியம்மாள் அடித்துச் சொன்னாள். ஆனால் அந்த மாதம் அவர் தின்றதும் நெல்லுச்சோறுதான். வேலை செய்யாமல் உட்கார்த்தி வைத்ததுதான் காரணம் என்றான் அடைக்கலம். புதுக்கோட்டை டாக்டரிடம் வாத்தியார் மறுபடி போய்க் கேட்டார். கடலை மூட்டை இருந்ததை இப்போதுதான் சொன்னார். முதலிலேயே சொல்லக்கூடாதா, அந்தத் தூசியிலும் பூசணத்திலும் மூடிய அறையில் படுத்தால் நல்ல நெஞ்சும் கெட்டுப்போகும் என்று டாக்டர் சத்தம் போட்டாராம்.

வாத்தியார் திரும்பி வந்து உள்ளறைக்குப் புது ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, சுவரைக் குடைந்து ஒரு ஜன்னலும் வைத்தார். நெல் குதிரை எடுத்துப் பின்கட்டில் வைத்தார். மாசி பிறப்பதற்குள் அடைக்கலத்தின் கூரையும் எழும்பிவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். மாமா சுத்தமான உள்ளறையில், ஜன்னலுக்குக் கீழே மெத்தையில் படுத்தார். சில நாள் நன்றாக இருந்தார். பிறகு தொண்டை கரகரத்தது.

முன்னைப் போல முற்றவில்லைதான். ஆனால் வாத்தியார் இடிந்துபோய்விட்டார். இன்னும் என்னதான் செய்வது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அமலராணி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். திரும்பவும் ஆரம்பித்துவிடுவார்களா என்று கேட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாமா வீடு மாறவில்லை. கோயில் வாசலிலேயே இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தி வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர்களையும் கூப்பிட்டார். தேருக்குக் கட்டை வைக்கப் போகிற மாதிரி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"எனக்கு இனி முறை கிறை வேண்டாம். சோறு அமலம் கையால. படுக்கை அடைக்கலம் வீட்டு வேப்பமரத்தடியில. சாகுற மட்டும் இப்படித்தான்."

வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. "சோத்தப் போட்டுட்டு வெளிய படுக்க அனுப்புனான்னு ஊரு பேசுமே அய்யா" என்றார்.

"பேசட்டும். மருந்து வச்சான்னு பேசுறதுக்கு இது தேவலை."

சவேரியம்மாள் விட மாட்டாளே. "அப்ப நாங்க என்ன, சத்திரமா நடத்துறோம்? என் கூழு வேண்டாம், என் மரத்தடி மட்டும் வேணுமாக்கும்" என்றாள்.

"ஒன் வசவும் வேணும் ஆத்தா. அது இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் மாமா.

வழக்கத்துக்கு விரோதம் என்று பெரிய மனிதர்கள் முனகினார்கள். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அதுவே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் மாமா செம்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிக் கிழக்கே போவார், சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்புவார். இரண்டு வீடும் இருந்தும் ஒரு வீடும் இல்லாதவர் என்று கேலி செய்தார்கள். அவர் நின்று அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். அடுத்த பாஸ்காவுக்குத் தேர் முன்னால் குனிந்து கட்டை வைத்தார். அமலராணி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முழுச் சுகம் என்று சொல்ல முடியாது. சில மழைக்காலத்தில் வேப்பமரத்தடியிலும் இளைப்பு வந்திருக்கிறது. சில சமயம் மழைக்குப் பயந்து வாத்தியார் வீட்டுப் பட்டாசாலையிலேயே படுத்து, ஒன்றும் ஆகாமல் எழுந்தும் இருக்கிறார். தூசிதான் காரணமென்றால் மாட்டுக் கொட்டகையில் தூசி இல்லையா? தனிமைதான் காரணமென்றால் வேப்பமரத்தடியில் யார் கூடப் படுத்தார்கள்? மாடுகள்தான். ஒரு மனுஷனுக்கு எந்த இடத்தில் மூச்சு சுலபமாக வரும் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். அறுபத்து நாலாம் வருஷம், சித்திரை மாதத்தில், அதே கட்டிலில் விடிவதற்குள் அமைதியாகப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊர் வாய் மூடி ரொம்ப காலம் ஆன பிறகும் அமலராணி அந்த முதல் கவளத்தை நிறுத்தவில்லை. ஒருநாள் அவளுடைய சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல். அவசரத்தில் மாமாவுக்கு வட்டிலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் குழந்தைக்குக் கசாயம் கொண்டுபோயிருந்தேன். நாங்கள் இருவரும் திரும்பி வந்து பார்த்தால் மாமா கையைக் கழுவிக்கொண்டு வட்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

"ஏன் மாமா, குழம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் அமலராணி.

"நீ இன்னும் எடுக்கலையே" என்றார்.

இன்னும் அவளை நம்பவில்லையா, அல்லது அவள் தொடாத சோறு அவருக்கு இறங்காமல் போய்விட்டதா? அவர் முகத்தைப் பார்த்தேன். பசித்த பிள்ளை மாதிரிதான் இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அவளுக்கு என்ன புரிந்ததோ. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வட்டிலின் ஓரத்திலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மாமா கை வைத்தார்.